கேரவன் சுற்றுலா: நிலம் யாரிடம் இருக்கிறது?

வேனில் அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு, பம்ப்செட் ஓடும் தோப்பாகப் பார்த்து நிறுத்தி, குளித்துச் சமைத்துச் சாப்பிட்டுப் புறப்படுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பழநிக்கும் சபரிமலைக்கும் இப்படித்தான் போகிறார்கள். அதே பயணத்தைக் கட்டில், சமையல் மேடை, கழிப்பறை, குளிர்சாதனம் எல்லாம் பொருத்திய வண்டியில் செய்தால் அதற்குப் பெயர் கேரவன் சுற்றுலா. செலவுதான் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டாதது.

2021 செப்டம்பரில் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. முதல் 100 வண்டிகளுக்கு ரூ.7.5 லட்சம் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது மானியம். வண்டிகள் தங்கும் பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலம் வேண்டும். ஐந்து வண்டிகளாவது நிற்க இடம் வேண்டும். 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் முதல் பூங்கா திறக்கப்பட்டது.

வண்டிக்கு மானியம் உண்டு, வங்கியில் கடனும் கிடைக்கலாம். நிலத்துக்கு எங்கே போவது? இந்தக் கொள்கையால் யாருக்கு லாபம் என்பதை அந்த 50 சென்ட்தான் தீர்மானிக்கிறது.

பாலக்காடு எல்லையில் நம்மவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. சிற்றூர் தாலுக்காவில் தமிழ் பேசும் விவசாயிகள் பலர் சொந்த நிலம் உள்ளவர்கள். முதலமடையில் மாந்தோப்பு, கொல்லங்கோட்டில் வயல், பின்னால் நெல்லியாம்பதி மலை. சமதரையானதால் பெரிய வண்டி தோப்பு வரை வந்துவிடும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், அங்கே போகத் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகவேண்டும். ஆகவே கோவை, பொள்ளாச்சிக் குடும்பங்கள் இப்பக்கம் வந்துகொண்டே இருக்கும். மாங்காய் விலை விழுந்த வருஷத்தில் இரண்டு அறையை வாடகைக்கு விட்டாலும் கைக்கு உதவும். ஆனால் தாலுக்காவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் பூமி. வருகிறவர்கள் குளிக்கும் தண்ணீரையும் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

இடுக்கியில் கதை வேறு. அங்கே 1964-ம் வருட விதிகளின்படி கொடுத்த பட்டயம் சாகுபடிக்கும் குடியிருப்புக்கும்தான். அந்த நிலத்தில் விடுதி கட்டியவர்கள் வருஷக்கணக்கில் வழக்கில் கிடந்தார்கள். இதற்கு வழி காணத்தான் 2023-ல் சட்டசபை நிலப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. அஸ்திவாரம் இல்லாத வீட்டின் மேல் இத்தனை பேருக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை!

பட்டயம் உள்ளவனுக்கு இந்தத் தொல்லை. பட்டயமே இல்லாதவன் என்ன செய்வான்? மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழனுக்கு இருப்பது லயம். அதுவும் வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் பலியாயின. அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். பிறகு குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. சொந்த வீட்டுக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

தோட்ட முதலாளிகளுக்கோ வழி முன்பே திறந்துவிட்டது. நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற தோட்டங்களில் ஐந்து சதவீதம் வரை சுற்றுலா முதலியவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்ற சட்டத்திருத்தம் 2012-ல் அமலுக்கு வந்தது. அந்த ஐந்து சதவீதத்தில் கேரவன் பூங்கா வந்தால், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்? வண்டி கழுவுவது, தட்டுக் கழுவுவது, வாசலில் காவல் நிற்பது. வேலை எதுவானாலும் கேவலமில்லை. ஆனால் மலையைத் தோட்டமாக்கியவனின் பேரனுக்கு அந்த மலையில் பங்கு கிடையாதா என்று கேட்பதில் என்ன தப்பு?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அண்மைக் கால உதாரணமே உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்ட 20 சதவீதத்தை வாங்கினார்கள். சுற்றுலாவுக்கு என்று எந்தத் தோட்டம் நிலத்தை ஒதுக்கினாலும், அதில் 50 சென்ட்டாவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ குடும்பஸ்ரீ குழுவுக்கோ குத்தகைக்கு விடவேண்டும் என்று சங்கங்கள் இப்போதே கேட்கலாம். கேரவன் மானியத்தில் அத்தகைய சங்கங்களுக்கு முன்னுரிமை தரும்படி அரசிடமும் மனுக் கொடுக்கலாம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை வரை இதைத் தள்ளிப்போட்டால், அதற்குள் நல்ல இடங்களுக்கெல்லாம் வேலி போட்டிருப்பார்கள்.