கேட்பவர் யார் என்பதே கேள்வி

பணியாளர் கருத்துக் கணிப்பு என்ற பெயரில் ஆண்டுதோறும் கேள்விப் பட்டியல் அனுப்புவது பெருநிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. மேலாளர் உங்களை மதிக்கிறாரா, நிறுவனத்தை எண்ணிப் பெருமைப்படுகிறீர்களா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. மிகைநேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கிடைக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இது புதிய உத்தியல்ல. அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நிர்வாகம் நேர்காணல் நடத்தியது. மனக்குறையைக் கொட்டித் தீர்த்தாலே தொழிலாளியின் பாரம் குறைகிறது என்று கண்டுகொண்டது. 1936இல் அதற்கென ஆலோசகர்களையும் அமர்த்தியது. குறை கேட்கப்பட்டது, கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் நிர்வாகத்திடமே இருந்தது.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1880இல், மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார். 25,000 பிரதிகள் அச்சிடப்பட்டன. வேலை நேரம், விபத்து, கூலி பிடித்தம், வேலைநிறுத்தம் ஆகியவை குறித்து அவர் கேட்டார். திரும்பி வந்த விடைகள் மிகச் சிலவே. ஆயினும் அதன் நோக்கம் தெளிவானது: தங்கள் துயரின் காரணங்களைத் தொழிலாளர்களே ஆராய்ந்தறிய வேண்டும்.

அந்த வழியில் நமது சங்கங்களும் ஆய்வுகளை நடத்த வேண்டும். கேள்விகள் குறைவாகவும், எண்ணிக்கையிலோ ஆம், இல்லை என்றோ விடையளிக்கத் தக்கனவாகவும் இருக்கட்டும். "பாதுகாப்பு திருப்தியா?" என்பதைவிட "கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பிரிவில் எத்தனை விபத்துகள்?" என்று கேட்பதே பயன் தரும். படிவத்தில் பெயரோ பணியாளர் எண்ணோ கூடாது. சிறு பிரிவுகளில் வயதும் பணிக்காலமும் சேர்ந்தாலே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். அவற்றையும் தவிர்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பெண் தொழிலாளர்களையும் தனியே சந்திக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்களின் விடைகளை மட்டும் வைத்து ஆலையின் நிலையை அறிய முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முடிவுகளைக் கேட்டவர்களிடமே திரும்பக் கொண்டு செல்வது. வாயிற்கூட்டத்தில் அறிவிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, கோரிக்கை சாசனத்தில் இடம்பெறாத ஆய்வு வெறும் காகிதமே. ஒருமுறை ஏமாந்த தொழிலாளி மறுமுறை வாய் திறக்கமாட்டார். நிர்வாகத்திற்கு அதுவே வேண்டும். நமக்கு வேண்டியது, அவர் பேசுவதும், பேசியதற்காகத் திரள்வதும்.