டாங்கி இரண்டு! ஆபத்தும் இரண்டு!

ஒரு வண்டிக்கு ஒரு பெட்ரோல் டாங்கி போதாதா? இரண்டு எதற்கு?

இப்படிக் கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரண்டு டாங்கி உள்ள பிக்கப் லாரி என்றால் தனி மவுசு. அதை வாங்கியவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பிக்கப் லாரி என்பது சின்ன லாரி. முன்னால் டிரைவர் உட்காரும் அறை. பின்னால் திறந்த பெட்டி. அமெரிக்க விவசாயிக்கு அதுதான் வலது கை. வைக்கோல் ஏற்றுவதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவதும் அதில்தான்.

அந்த லாரிகளின் இரண்டு டாங்கிகளைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. அது முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அதில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது.

இரண்டு டாங்கி வைத்தது தவறு அல்ல. வைத்த இடம்தான் தவறு. அரசாங்கமே சுட்டிக் காட்டிய பிறகும் அதைத் திருத்தாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. இதுவே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

பெட்ரோல் பசி

அந்தக் காலத்து பிக்கப் லாரிகளுக்குப் பசி அதிகம். பெரும்பாலும் எட்டு சிலிண்டர் என்ஜின். பாரம் ஏற்றிவிட்டால், ஒரு காலன் பெட்ரோலுக்கு 10 மைல் ஓடினாலே பெரிய காரியம். அமெரிக்க காலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு நாலே கால் கிலோ மீட்டர்தான்!

டெக்சாஸ், மொன்டானா போன்ற மாநிலங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெகு தூரம். வழியில் பெட்ரோல் பங்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. 20 காலன் டாங்கி ஒன்று இருந்தால் 200 மைல் போகலாம். இரண்டு இருந்தால் 400 மைல், அதாவது 640 கிலோ மீட்டர் போகலாம்.

1973-ம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பங்குகளின் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் விற்க வேண்டாம் என்று ஜனாதிபதி நிக்சனே கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட நாளில், இரண்டு டாங்கியும் நிரம்பி இருந்தால் மனதுக்கு எவ்வளவு தைரியம்!

ஆகவே இரண்டு டாங்கி என்பது வீண் ஆடம்பரம் அல்ல. தேவையில் பிறந்ததுதான்.

பொத்தானை அழுத்தினால்...

இரண்டு டாங்கியில் இருந்தும் ஒரே நேரத்தில் பெட்ரோல் வராது. நடுவில் ஒரு வால்வு உண்டு. அது இந்தப் பக்கம் திரும்பினால் முதல் டாங்கி. அந்தப் பக்கம் திரும்பினால் இரண்டாவது டாங்கி.

நம் பழைய மோட்டார் சைக்கிளில் "ரிசர்வ்" திருகு இருந்தது அல்லவா? வண்டி திணறும்போது குனிந்து அதைத் திருப்புவோம். ஏறக்குறைய அதே மாதிரிதான். மிகப் பழைய லாரிகளில் கையால் வால்வைத் திருப்ப வேண்டும். பிறகு டிரைவர் எதிரே ஒரு பொத்தான் வந்தது. அதை அழுத்தினால் மின்சாரமே வால்வைத் திருப்பிவிடும்.

பெட்ரோல் அளவைக் காட்டும் முள் மட்டும் ஒன்றுதான். எந்த டாங்கியில் ஓடுகிறதோ, அதன் அளவைக் காட்டும். மற்ற டாங்கியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இதுவரை எல்லாம் நல்ல ஏற்பாடுதான். இனிமேல்தான் வினை.

எங்கே வைப்பது?

1972-ம் ஆண்டு மாடல் வரை, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் லாரியில் டாங்கி டிரைவர் அறைக்குள்ளேயே இருந்தது. சீட்டுக்குப் பின்னால்! முதுகுக்குப் பின்னே பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அதை வெளியே எடுத்தது சரியான காரியம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் வெளியே எடுத்து எங்கே வைத்தார்கள்?

லாரியின் அடியில் நீளவாட்டில் இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள் உண்டு. அதற்கு சேஸிஸ் என்று பெயர். வண்டியின் முதுகெலும்பு அதுதான். 1973 மாடல் முதல் 1987 மாடல் வரை ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஷெவர்லே, ஜி.எம்.சி. பிக்கப் லாரிகளில், இந்தச் சட்டத்துக்கு வெளிப்புறமாக டாங்கியை மாட்டினார்கள். குதிரையின் விலாவில் பை தொங்குவது போல, டாங்கி பக்கவாட்டில் தொங்கியது. ஒரு டாங்கி கேட்டவருக்கு ஒரு பக்கம். இரண்டு கேட்டவருக்கு இரண்டு பக்கமும்.

இதனால் நிறையப் பெட்ரோல் பிடிக்கும். பெட்டிக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து மோதினால்? டாங்கிக்கும் அந்தக் காருக்கும் நடுவில் மெல்லிய தகடுதான். முன்னால் இடிக்கும் கார். பின்னால் அசையாத இரும்புச் சட்டம். நடுவில் டாங்கி. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட மாதிரி!

டாங்கி பிளந்தால் பெட்ரோல் கொட்டும். ஒரு தீப்பொறி போதும். மோதலில் தப்பியவர்கள் தீயில் மாண்டார்கள்.

இது வேண்டாத பயம் அல்ல. மோதலில் உயிர் பிழைத்திருக்கக் கூடிய சுமார் 150 பேர், இந்த லாரிகள் பக்கவாட்டில் மோதித் தீப்பிடித்த விபத்துக்களில் இறந்துபோனார்கள் என்று 1994-ல் அமெரிக்க அரசாங்கமே மதிப்பிட்டது.

கம்பெனி சொன்ன பதில்

கம்பெனியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

மணிக்கு 20 மைல் வேகத்தில் பக்கவாட்டில் இடித்தால் டாங்கி ஒழுகக் கூடாது என்பது அரசாங்க விதி. "எங்கள் லாரி அந்த விதிக்கு உட்பட்டதுதான். எல்லா விபத்துக்களையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் லாரி மற்ற லாரிகளுக்குக் குறைந்தது அல்ல" என்பது கம்பெனியின் வாதம்.

விதிக்கு உட்பட்டது என்பது சரி. ஆனால் நெடுஞ்சாலையில் யாராவது 20 மைல் வேகத்திலா வருகிறார்கள்? பக்கவாட்டு மோதலில் தீப்பிடித்துச் சாகும் ஆபத்து, ஃபோர்டு பிக்கப் லாரியைவிட இந்த லாரியில் அதிகம் என்று அரசாங்க நிபுணர்கள் கண்டார்கள். ஃபோர்டு லாரியில் டாங்கிகள் சட்டத்துக்கு உள்ளே இருந்தன.

பரீட்சையில் 35 மார்க்கு வாங்கினால் பாஸ்தான். அதனால் படிப்பு வந்துவிட்டது என்று ஆகிவிடுமா?

டெலிவிஷன் செய்த கெடுதல்

1992-ம் ஆண்டு நவம்பரில் என்.பி.சி. டெலிவிஷன் இந்த லாரிகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி காட்டியது. லாரி மீது கார் மோதுகிறது. குபீர் என்று தீ! பார்த்தவர்கள் பதறினார்கள்.

பிறகுதான் உண்மை வெளியானது. தீ நிச்சயமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, லாரிக்கு அடியில் பொம்மை ராக்கெட்டின் வெடிமருந்துக் குழாய்களைக் கட்டி வைத்திருந்தார்கள்! கம்பெனி வழக்குப் போட்டது. 1993 பிப்ரவரியில் டெலிவிஷன் நிலையம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இதனால் யாருக்கு லாபம்? கம்பெனிக்குத்தான். லாரியில் குறை இருக்கிறது என்று சொன்னவர்களையே ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். உண்மையைக் காட்டப் பொய்யைத் துணைக்கு அழைத்தால் இப்படித்தான் ஆகும்.

பணத்தோடு முடிந்தது

அதே பிப்ரவரியில் அட்லாண்டா நகரத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. இந்த லாரியில் தீப்பிடித்து இறந்த 17 வயதுப் பையனின் பெற்றோர் போட்ட வழக்கு அது. 10 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள். மறு வருடம் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

1993 ஏப்ரலில் "லாரிகளை நீங்களாகவே திரும்ப அழைத்துச் சரி செய்து கொடுங்கள்" என்று அரசாங்கம் கேட்டது. கம்பெனி மறுத்தது. 1994 அக்டோபரில் போக்குவரத்து மந்திரி பெடரிகோ பெனா, இந்த லாரியில் குறை இருக்கிறது என்று முதல் கட்ட முடிவை அறிவித்தார்.

இனி லாரிகள் திருத்தப்படும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. டிசம்பரில் சமரசம்! விசாரணை நிறுத்தப்பட்டது. 5 கோடியே 10 லட்சம் டாலரைப் பாதுகாப்புக் காரியங்களுக்குக் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. குழந்தைகளுக்கான கார் சீட்டு, தீக்காய ஆராய்ச்சி, குடித்துவிட்டு ஓட்டுவதைத் தடுத்தல் போன்ற காரியங்களுக்கு அந்தப் பணம்.

எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் லாரி? ஒரு லாரியின் டாங்கிகூட இடம் மாறவில்லை. வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று புகார் சொன்னால், ஊருக்குக் குடை வாங்கிக் கொடுத்த கதைதான்!

திருத்த முடியாதா?

"ஓடுகிற வண்டிகளை எப்படித் திருத்துவது?" என்று கேட்கலாம். ஃபோர்டு கம்பெனியின் கதை பதில் சொல்கிறது.

1980-களில் ஃபோர்டின் இரண்டு டாங்கி லாரிகளில் வேறு ஒரு குறை. புது மாதிரி என்ஜினுக்கு, டாங்கியில் உள்ள பம்பு தேவைக்கு மேலேயே பெட்ரோல் அனுப்பும். மிஞ்சியது டாங்கிக்குத் திரும்பி வரும். எந்த டாங்கியில் இருந்து போனதோ, அதற்கே திரும்ப வேண்டும். வழி தவறினால் அடுத்த டாங்கிக்குப் போகும். அது ஏற்கெனவே நிரம்பி இருந்தால்? பெட்ரோல் வழிந்து தரையில் கொட்டும்.

1993-ல் ஃபோர்டு அந்த லாரிகளைத் திரும்ப அழைத்தது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஜெனரல் மோட்டார்சும் 1988 மாடலாகக் கொண்டுவந்த புதிய பிக்கப் லாரியில் ஒரே பெரிய டாங்கியைச் சட்டத்துக்கு உள்ளே வைத்தது. புது லாரிக்கு நல்ல இடம் கிடைத்தது. பழைய லாரி வாங்கியவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

வாங்குகிறவர் கவனிக்க!

இன்றும் அமெரிக்காவில் இந்தப் பழைய லாரிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு டாங்கியையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒன்றைச் சும்மா விட்டால் பெட்ரோல் கெட்டுவிடும். டாங்கி துருப்பிடிக்கும். வால்வு இறுகிவிடும். ஓட்டாத டாங்கியில் அளவு தானாக ஏறினால், உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பக்கவாட்டு டாங்கியை எடுத்துவிட்டு, சட்டத்துக்கு உள்ளே ஒரே டாங்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

ஆனால் பொறுப்பு முழுவதையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடக் கூடாது. 400 மைல் ஓடும் என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும். டாங்கி சட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எத்தனை பேர் குனிந்து பார்ப்பார்கள்? கண்ணுக்குத் தெரியும் வசதியைக் காட்டி விற்கிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் அரசாங்கம் சொல்ல வைக்க வேண்டும்.

பணத்தை வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடலாம். டாங்கியில் உள்ள பெட்ரோலுக்குச் சமரசம் தெரியாது!