நல்லா இருக்கேன்மா

எடின்பரோவில் முதுகலை படிக்கும் என் பழைய மாணவி சென்ற ஜனவரியில், உறைபனி படிந்த கல் பாவிய சரிவொன்றில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தனியாக மருத்துவமனைக்குப் போய், மணிக்கணக்கில் காத்திருந்து, மாவுக்கட்டோடு தனியாகவே அறைக்குத் திரும்பினாள். அன்றிரவு அம்மாவோடு வீடியோவில் பேசும்போது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன்மா, பனி அழகா இருக்கு" என்றாள். கட்டு பிரிக்கும்வரை இப்படியே ஓட்டினாள்.

என்னிடம் மட்டும் சொன்னாள். அம்மா பயந்துவிடுவார் என்றா மறைக்கிறாய் என்று கேட்டேன். "அம்மா தாங்கிக்குவாங்க மேடம். மாமா மக பன்னிரண்டாவது படிக்கிறா. நான் விழுந்தது தெரிஞ்சா அவள மதுரைக்குக்கூட அனுப்ப மாட்டாங்க."

அன்றிலிருந்து எனக்குக் கோபம். அவள்மீது அல்ல. படிக்கப்போன பெண் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னால், அது அடுத்த பெண்ணின் காலுக்கு விலங்காகும்படி செய்துவைத்திருக்கிறோமே, அதன்மீது.

குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அவள் கோட்டையை அனுப்புகிறாள், பழைய நகரத்தின் கல் கட்டடங்களை அனுப்புகிறாள். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதை அனுப்புவதில்லை. ஸ்காட்லாந்து உச்சரிப்பு பிடிபடாமல் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்த முதல் மாதத்தை அனுப்புவதில்லை. பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது விசா விதி. அந்த 20 மணி நேரத்தையும், தூரம் வந்த வயிற்றுவலியோடு, உணவகச் சமையலறையில் நின்றபடியே பாத்திரம் கழுவிக் கழித்ததை அனுப்புவதில்லை.

அவள் நகரத்தார் வீட்டுப் பெண் அல்ல. அந்த வீடுகளின் கல்யாணங்களுக்குச் சீப்புச் சீடையும் தேன்குழலும் மனகோலமும் சுட்டுக் கொடுக்கும் காரைக்குடிப் பெண்ணின் மகள். பிரிட்டன் விசாவுக்குப் படிப்புச் செலவும் தங்கும் செலவும் வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, அந்த 28 நாளும் தினம் ஒருமுறை பாஸ்புக்கை எடுத்துப் பார்த்த தாயிடம் தெருவே கேட்ட கேள்வி, "ஏத்தா, பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா விடுறியே?" அதே தெருவில் சீர் சாமான் பரப்பும்போது, எவர்சில்வரும் பித்தளையும் வெள்ளியும் இத்தனை எதற்கு என்று எவரும் கேட்டதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

இந்தக் கேள்வியைக் கேட்பது எந்த ஊர் என்று பாருங்கள். கடல் கடந்தே வீடு கட்டிய ஊர். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, இத்தாலியப் பளிங்கில் காலை நீட்டிக்கொண்டு, பெண் தூரம் போகலாமா என்று பேசுகிறோம். மீசை முளைக்காத பையன்களைப் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேற்றினார்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் முகம் பார்ப்பது. அவர்கள் நோயில் படுத்தார்கள், ஏமாந்தார்கள், அழுதார்கள். 1930களின் மந்தத்துக்குப் பிறகு கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்தவர்கள் உண்டு, வழியிலேயே செத்தவர்கள் உண்டு. 1948இல் பர்மா விடுதலை பெற்று நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இத்தனை பெரிய அடி விழுந்த பிறகும், இனி ஆம்பளைப் பிள்ளையைக் கடல் தாண்ட விடக் கூடாது என்று எந்த வளவிலும் எவரும் முடிவெடுக்கவில்லை. மாறாக, அந்த நடையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னோம். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் அப்படி அலைந்த ஆண்களை வைத்து 'புயலிலே ஒரு தோணி' எழுதினார். நானும் அதை வகுப்பில் சிலாகித்துப் பேசுகிறவள்தான். ஆண் பட்ட பாடு நாவலாகிறது. பெண்ணின் முறிந்த மணிக்கட்டு மாமா மகளுக்கு எச்சரிக்கைப் பலகையாகிறது.

எடின்பரோ மட்டும் என்ன, பெண்ணைப் பூரண கும்பத்தோடு வரவேற்ற ஊரா? 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழிகளுமாக ஏழு பெண்கள் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூறியல் தேர்வெழுத அவர்கள் வந்தபோது, மாணவர் கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி வீசியது. வாசல் கதவை முகத்துக்கு நேரே சாத்தியது. தேர்வுக் கூடத்துக்குள் ஓர் ஆட்டை விரட்டிவிட்டது. 1873இல் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. பட்டம் தரப்பட்டது 2019இல், எல்லாரும் செத்த பிறகு. அந்தச் சேற்றை அவர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. என் மாணவி அந்தக் கட்டட வாசலில் நின்று எனக்குப் படம் அனுப்பினாள். குழுவுக்கு அனுப்பவில்லை.

ஆபத்து இல்லையா என்பார்கள். உண்டு. அதைப் பல மடங்காக்குவது இந்த மௌனம்தான். வழுக்கி விழுந்ததையே வீட்டில் சொல்ல முடியாதவள், நாளை வாடகைக்கு அறை கொடுத்தவன் நள்ளிரவில் கதவைத் தட்டினால் யாரிடம் சொல்வாள்? ஆய்வு வழிகாட்டி தோளில் கை போட்டால்? "அதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்ற ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நம் பெண்களை வெளிநாட்டில் அநாதைகளாக்கிவிட்டோம். போனவன் தோற்றுத் திரும்பினால் அவனுக்கு நேரம் சரியில்லை. போனவள் இருமினால் பெண் குலத்துக்கே அது ஒத்துவராது.

ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய மாணவிகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, "பிள்ளைகளுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி பேசும்மா" என்று காதோடு சொல்லியிருக்கிறேன். அதாவது கடனைப் பற்றிப் பேசாதே, தனிமையைப் பற்றிப் பேசாதே, கறுத்த தோலைப் பார்த்துப் பேருந்தில் எவளோ இடம் மாறி உட்கார்ந்ததைப் பற்றிப் பேசாதே. சாதனைப் பெண் என்று பெயர் வைத்து வாயைத் தைத்த கைகளில் என் கையும் ஒன்று. இனி எவளிடமும் அப்படிச் சொல்வதாக இல்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். மாமா மகளிடம் நானே விழுந்த கதையைச் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டாள். பிறகு, பனியில் வழுக்காத செருப்பு இங்கே கிடைக்குமா, அங்கே போய்த்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டாள். அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. புத்தகம் வந்தால் தெரிந்துவிடுமே என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வரட்டும் மேடம், அதுக்குள்ள நானே சொல்லிடுறேன்" என்றாள்.