துண்டு விழும் தொகை யார் தலையில்?

மில் கேட்டுக்கு எதிரே புதிதாக ஒரு கிளினிக் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாழைமரம், சீரியல் விளக்கு, சந்தனம், கற்கண்டு. ஷிப்டு விட்டு வரும் தொழிலாளி எட்டிப் பார்க்கிறான். "நம்ம பேட்டைக்கும் ஒரு டாக்டர் வந்துவிட்டார்" என்று மனம் குளிர்கிறான். பாவம்! அவன் அந்த வாசற்படியை மிதிப்பதற்கு ஆறு மாதம் முன்பே அவனை ஒரு காகிதத்தில் எழுதி, கூட்டிக் கழித்து, விலை போட்டு, பாங்கி மானேஜரின் மேஜை மேல் வைத்தாயிற்று என்பது அவனுக்குத் தெரியாது.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் "பிசினஸ் பிளான்". பாங்கி பாஷையில் "பிராஜெக்ட் ரிப்போர்ட்". படிப்பை முடித்துச் சொந்தமாக வைத்தியத் தொழில் தொடங்க விரும்பும் டாக்டருக்கு இதைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே இன்று ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் தயார்நிலைப் படிவங்கள் இருக்கின்றன. நாலு கேள்விக்குப் பதில் தட்டினால் நாற்பது பக்கத் திட்டத்தைக் கக்கிவிடும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இடம் தேர்வு செய்ய ஒரு கருவி, போட்டி டாக்டர்களை எடை போட ஒரு கருவி, வரவு செலவு கணிக்க ஒரு கருவி!

கணக்குப் பார்ப்பது பாவமா என்று கேட்பார்கள். இல்லை, தோழர்களே! வீட்டு வாடகை, பஞ்சப்படி, போனஸ் என்று நாமும் கணக்குப் பார்த்துத்தான் வாழ்கிறோம். கிளினிக்குக்கும் வாடகை உண்டு, கரண்ட் பில் உண்டு, நர்ஸுக்குச் சம்பளம் உண்டு. கணக்கு வேண்டும்தான். அந்தக் கணக்கில் நாம் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கிறோம் என்பதே நம் கேள்வி.

நோய்ப்பிடிப்புப் பகுதி

படிவத்தின் முதல் பக்கத்திலேயே "கேட்ச்மென்ட் ஏரியா" என்று ஒரு கட்டம் இருக்கிறது. விவசாயிக்கு இந்தச் சொல் தெரியும். ஏரிக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி உண்டல்லவா? எங்கே மழை பெய்தால் எந்த ஏரிக்குத் தண்ணீர் வரும் என்று கணக்கிடுவதுபோல, எந்தத் தெருவில் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டருக்குப் பணம் வரும் என்று கணக்கிடுகிறார்கள். நோய்ப்பிடிப்புப் பகுதி! அங்கே எத்தனை குடும்பம், என்ன வருமானம், எத்தனை பேரிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஏற்கெனவே எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறது படிவம். அங்கே எத்தனை குழந்தைகளுக்கு ரத்தசோகை, எத்தனை பேருக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சடைப்பு, எத்தனை பேர் பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுகிறார்கள் என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. ஏன் கேட்கவேண்டும்? நோய் இருந்தால் மட்டும் போதாது, நோயாளியின் மடியில் பணமும் இருக்கவேண்டுமே!

இதனால் நேர்வது என்ன? நோய் மிகுந்த சேரியிலும் மலையடிவாரத்திலும் டாக்டர் கிடையாது. ஜில்லாத் தலைநகரின் பஸ் நிலையத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு கிளினிக். இது நம் ஊர் விசேஷமும் அல்ல. வேல்ஸ் பிரதேசத்தில் கிளின்காரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் பல்லாண்டு வைத்தியம் செய்தவர் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றவர். 2018ல் காலமானார். 1971ல் "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் இதற்கு அவர் ஒரு பெயரே சூட்டினார்: தலைகீழ் வைத்திய விதி. எங்கே தேவை அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு. சந்தையின் பிடி இறுக இறுக இந்த விதியும் இறுகும் என்பது அதன் சாரம்.

44 பேர் வேண்டும்!

இனி ரூபாய் கணக்குக்கு வருவோம். கீழே வருவது நாமே போட்டுப் பார்த்த உதாரணக் கணக்கு. தொகை ஊருக்கு ஊர் மாறும், கணக்கின் போக்கு மாறாது.

ஸ்கேன் யந்திரம், ரத்தப் பரிசோதனைச் சாதனம், மேஜை நாற்காலி எல்லாமாக 80 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவிகிதம், தவணை 7 வருஷம். மாதத் தவணை சுமார் 1,32,800 ரூபாய். வாடகை 40,000. மூன்று ஊழியர்களுக்குச் சம்பளம் 45,000. (ஆளுக்கு 15,000! இந்தப் பத்தியில் மட்டும் எல்லாத் திட்டங்களும் சிக்கனமோ சிக்கனம்!) கரண்ட், பழுது, சில்லறைச் செலவு 22,200. ஆக 2,40,000. டாக்டர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் சேர்த்தால் மாதம் 3,40,000 ரூபாய்.

மாதம் 26 நாள் வேலை. நாளுக்குச் சுமார் 13,077 ரூபாய் வரவேண்டும். ஃபீஸ் 300 என்றால் தினம் 44 நோயாளிகள் வந்தாக வேண்டும். அப்போதுதான் வரவும் செலவும் சரிக்குச் சரி. இதற்கு "பிரேக் ஈவன்" என்று பெயர். பாங்கிக்கு அதுவும் போதாது. தவணைக்குமேல் வருமானம் இத்தனை மடங்கு மிஞ்சவேண்டும் என்று தனியாக ஒரு விகிதம் கேட்கும்.

புதுக் கிளினிக்குக்கு எடுத்த எடுப்பில் 44 பேர் வருவார்களா? 20 பேர் வருகிறார்கள் என்போம். மாதம் 520 பேர், வரவு 1,56,000. துண்டு விழுவது 1,84,000 ரூபாய். இதை அந்த 520 பேர் தலையில் பங்கு போட்டால் ஆளுக்கு 354 ரூபாய்!

மத்திய சர்க்கார் 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். வெயிலில் குனிந்து மண் வெட்டிய தாய் தன் குழந்தைக்குச் சளி என்று உள்ளே நுழைந்தால், ஒரு நாள் கூலியை ஏறக்குறைய ஃபீஸாகவே கொடுத்தாக வேண்டும். அதற்கு மேலும் 354 ரூபாய் அவளிடமிருந்து எப்படியாவது வரவேண்டும் என்று அவள் பிறந்த ஊரைக்கூட அறியாத கம்ப்யூட்டர் முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது!

எப்படி வரும்? படிவமே வழி சொல்கிறது. "ஆவரேஜ் பில்லை உயர்த்து" என்கிறது. ரத்தம் சோதி, ஸ்கேன் எடு, மருந்துக்கடையைக் கிளினிக்குக்குள்ளேயே வை, மூன்றாம் நாள் மீண்டும் வரச் சொல். "ரெஃபரல்" என்று இன்னொரு கட்டம். நோயாளியை எங்கே அனுப்பினால் என்ன வரும் என்பது அதன் பச்சையான அர்த்தம். கமிஷன் என்று எந்த ஆலோசகனும் எழுதமாட்டான். "கூட்டு ஏற்பாடு", "உறவு வளர்த்தல்" என்று நாகரிகமாக எழுதுவான். 80 லட்சம் கடனில் வாங்கிய யந்திரம் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தவணை உட்கார்ந்திருக்காது. தேவையான ஸ்கேனும் எடுக்கப்படும்; தேவையில்லாததும் எடுக்கப்படும். எது எது என்று பிரித்தறிய நம்மில் யாருக்கு முடியும்? கத்தரிக்காய் சொத்தையா என்று திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் "எடுத்துவிடுவது நல்லது" என்றால் வாயடைத்து நிற்கிறோம். மற்ற வியாபாரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இங்கே சரக்கை விற்பவரே வாங்குபவருக்கு என்ன தேவை என்றும் தீர்மானிக்கிறார்!

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. மருந்துக் கம்பெனியிடம் பரிசு வாங்கக் கூடாதென்று 2009ல் திருத்தம் வந்தது. ஒரு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? டாக்டர்களுக்கு அள்ளிக் கொடுத்த அன்பளிப்புக்கு, சுமார் 4.72 கோடி ரூபாய்க்கு, "தொழில் செலவு" என்று வருமான வரிச் சலுகை கேட்டது! வாங்குவதுதானே டாக்டருக்குத் தடை, கொடுப்பது எங்களுக்குத் தடையில்லையே என்று சுப்ரீம் கோர்ட் வரை வாதாடியது. 2022 பிப்ரவரியில் கோர்ட் அதை ஏற்க மறுத்தது. இந்த அன்பளிப்பெல்லாம் மருந்து விலையில் ஏறி மக்கள் தலையில்தான் விழுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. நம் மாநிலத்திலோ தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997லேயே சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்தும் விதிகள் 2018ல்தான் வந்தன. 21 வருஷம்! மில்லில் நாம் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் மறுநாள் காலையிலேயே சட்டம் ஓடி வருகிறதே!

யாருக்குச் சுயேச்சை?

இதையெல்லாம் சொல்வதால் இளம் டாக்டர்களை நாம் திருடர்கள் என்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். "சுயேச்சையாகத் தொழில் செய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் பிடியிலிருந்து தப்பி வருகிறார்கள். வந்து விழுவது பாங்கியின் பிடியில்! யந்திரக் கம்பெனிக்குத் தவணை, கட்டட முதலாளிக்கு அட்வான்ஸ், படித்த கடனுக்கு வட்டி. நன்கொடை என்ற பெயரில் மெடிகல் சீட்டை விற்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1992ல் மோகினி ஜெயின் வழக்கில் சொல்லிற்று. அதே ஆண்டு நம் மாநிலத்திலும் தடைச் சட்டம் வந்தது. சீட்டின் விலை குறைந்ததா என்று பிள்ளையைத் தனியார் கல்லூரியில் சேர்த்த தகப்பனைக் கேளுங்கள். கொட்டிய பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற நெருப்பு வயிற்றில் எரிய, ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்ளும் மனிதனிடம் "தர்மமாக நட" என்று உபதேசம் செய்து என்ன பயன்?

வண்ணாரப்பேட்டையில் "ஐந்து ரூபாய் டாக்டர்" என்று ஜனங்கள் கொண்டாடிய ஜெயச்சந்திரன் 2018ல் மறைந்தார். வியாசர்பாடியில் அதே பெயர் பெற்ற திருவேங்கடம் 2020ல் மறைந்தார். இருவருக்கும் நம் வணக்கம். அவர்கள் மனம் பெரிது, ஐயமில்லை. ஆனால் மனத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது பத்திரிகைகளின் வழக்கம். அவர்கள் படித்த காலத்தில் டாக்டர் படிப்பு கோடி ரூபாய் கேட்கவில்லை. ஐந்து ரூபாய் ஃபீஸ் என்று இன்றைய படிவத்தில் எழுதிப் பாருங்கள். கட்டம் சிவப்பாகும், பாங்கிக் கதவு சாத்தும்.

வேறு வழி உண்டா? வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லப்பட்டதுதான். 1943ல் அமைத்த போர் கமிட்டி 1946ல் அறிக்கை தந்தது. பணம் கொடுக்க இயலாதவன் என்ற காரணத்தால் எவனுக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது. சம்பளம் வாங்கும் முழுநேரச் சர்க்கார் டாக்டர் தனியாகத் தொழில் செய்யக் கூடாது என்றது. இன்றுவரை நம் மாநிலத்தில் காலையில் சர்க்கார் ஆஸ்பத்திரி, மாலையில் சொந்தக் கிளினிக் என்பது அனுமதிக்கப்பட்ட ஏற்பாடு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதத்தைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று வாக்களித்தது. 2025ம் வந்து போயிற்று. மத்திய சர்க்காரின் சொந்தக் கணக்குப்படியே 2021-22ல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவிகிதம் ஜனங்களின் சட்டைப்பையிலிருந்து போயிருக்கிறது. மில் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவனிடம் 0.75 சதவிகிதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவிகிதம் கட்டுகிறான். டிஸ்பென்சரியில் மருந்து இல்லையென்றால் சண்டை போட நமக்கு உரிமை இருக்கிறது. விவசாயக் கூலிக்கு அதுவும் இல்லை.

பிரிட்டனில் ஒரு காலத்தில் டாக்டர் தொழிலே கடை மாதிரி விலைக்குப் போயிற்று. வயதான டாக்டர் தன் நோயாளிகளை மொத்தமாக ஒரு விலைக்கு இளைய டாக்டருக்கு விற்பார். வாங்கியவர் கடன்பட்டு, பிறகு அந்தக் கடனை நோயாளிகளிடமிருந்தே வசூலிப்பார். வேல்ஸில் டிரெடிகர் ஊர்த் தொழிலாளர்களோ தங்கள் கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ் போட்டுச் சங்கம் வைத்து டாக்டர்களை அமர்த்திக்கொண்டார்கள். அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய அன்யூரின் பெவன்தான் மந்திரியாகி, 1948 ஜூலை 5ல் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கி வைத்தார். நோயாளிகளை விற்பதும் வாங்குவதும் சட்டத்தால் ஒழிந்தது. விற்கும் உரிமை போனதற்கு ஈடாக டாக்டர்களுக்கு 6 கோடியே 60 லட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. பொது வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்களாகவில்லை. சுயேச்சையான ஒப்பந்தக்காரர்களாகவே இருந்தார்கள். ஆயினும் அவர்களது வருமானம் நோயாளியின் மடியிலிருந்து வரவில்லை. டாக்டரின் சுயேச்சையும் ஏழையின் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நம் நாட்டிலேயே பாருங்கள். சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்ற இரும்புச் சுரங்க ஊர். 1977ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிறகு சங்கத்தின் உபதலைவி குசும் பாய் சரியான வைத்தியம் கிடைக்காமல் பிரசவத்தில் இறந்தாள். சங்கர் குஹா நியோகி வழிநடத்திய அந்தச் சங்கத்தின் தொழிலாளர்கள் தாங்களே மண் சுமந்து, சுவர் எழுப்பி, 1983 ஜூன் 3ல் சஹீத் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். "சஹீத்" என்றால் தியாகி. மாண்ட தோழர்களின் பெயரால் நிற்கும் ஆஸ்பத்திரி அது. அவர்களும் திட்டம் போட்டார்கள், கணக்கு எழுதினார்கள். தேவையில்லாத மருந்து எழுதக் கூடாதென்று டாக்டர்களும் சங்கமும் சேர்ந்து பிரசாரம் செய்தார்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை சர்க்கரை. இந்த வரவை, பாங்கிப் படிவத்தின் "ஆவரேஜ் பில்" கட்டத்தில் எப்படி எழுதுவது என்று அந்த ஆலோசகர்களைக் கேளுங்கள்!