எலியாவுக்குக் கிடைத்த அப்பம்

ஹட்டன், நுவரெலியா மலைகளில் கவ்வாத்து வெட்டியும் மருந்து தெளித்தும் லயத்துக்குத் திரும்பும் ஆண்கள் பலர், அந்தி சாயும்போதே சோர்ந்துவிடுகின்றனர். அச்சோர்வுக்குச் சாராயமே மருந்து என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் சாராயம் ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுக்கிறது, மறுநாட் சோர்வைக் கூட்டுகிறது, சம்பளத்தையும் கரைக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 அரசர் 19). சாவை விரும்பும் அளவுக்குச் சோர்ந்து சூரைச்செடியின் அடியில் படுத்தவரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், வானதூதர் வழியாக இருமுறை உணவூட்டினார். அந்த அப்பமும் தண்ணீரும் தந்த வலிமையால் அவர் 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார்.

நமக்கும் அதுவே வழி. வெறுந்தேநீரோடு மலையேறாதீர்கள். ரொட்டியோடு பருப்பும் கீரையும் சேரட்டும். உணவோடு பருகும் தேநீர், இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகுங்கள். நேரத்தோடு உறங்குங்கள். வாரக்கணக்கில் நீங்காத சோர்வென்றால் மருத்துவரை நாடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கொழுந்து சுமந்து களைத்த மனைவிக்கும் இதே உணவும் ஓய்வும் உரியவை என்பதை மறவாதீர்கள்.

மாலைச் செபத்தில் தெளிந்த முகத்தோடு அமரும் தந்தையே பிள்ளைகள் கேட்கும் முதல் மறையுரை.