வாங்கியது இங்கே, பாகம் எங்கே?

திருமுதுகுன்றம் என்று பாடப்பெற்ற நம் விருத்தாசலத்துக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வூர் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது அது. ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்று நாம் கேலியாகச் சொல்லும் காரியம் நாயனாருக்குக் கைகூடியது. ஆனால், நம்மூர்க் கடைவீதியில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு, அதன் கதவு ரப்பருக்காகக் கடலூர், விழுப்புரம், சென்னை என்று அலைகின்ற சாதாரண மனிதனுக்கு அது கைகூடுவதில்லை. ஏன் கைகூடவில்லை, கைகூட என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

“நாட்டில் எழுதுவதற்கு வேறு பொருளே இல்லையா?” என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். 1958-ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்சாதனப் பெட்டியைத் தயாரித்து விற்கத் தொடங்கியபோது அந்தக் கேள்வி நியாயமாக இருந்திருக்கும். அன்று அது செல்வர் வீட்டுப் பொருள். பக்கத்து வீட்டுக்குப் போய் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி வந்த காலம் அது. இன்று நிலை வேறு. மாதத் தவணையில் பணம் கட்டி வாங்கிய ‘ஃபிரிட்ஜ்’ ஓட்டு வீடுகளிலும் நிற்கிறது. இட்லி மாவு விற்றுக் குடும்பம் நடத்தும் தாய்மார்கள், பால் பாக்கெட்டும் மோரும் விற்கும் பெட்டிக்கடைக்காரர், பூக்கட்டி விற்பவர் எல்லாருக்கும் அது பிழைப்புக் கருவி. நீரிழிவு நோயாளி உள்ள வீட்டிலோ அது மருந்துப் பெட்டி. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அக்கினி நட்சத்திர வெயிலில் விருத்தாசலத்து வீட்டு அலமாரியில் அந்தக் குளிர் எங்கிருந்து வரும்? ஆகவே, குளிர்சாதனப் பெட்டி பழுதாவது ஆடம்பரக் கவலை அன்று. பலருக்கு அது வயிற்றுக் கவலை, சிலருக்கு உயிர்க் கவலை.

அந்தப் பெட்டி எப்படிப் பழுதாகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. கண்டென்சர் குழாய் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. மயிரிழை போன்ற குழாய் வழியே சென்று வாயு விரியும்போது உள்ளே குளிர்கிறது. இந்தப் பெரிய உறுப்புகள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே பெட்டி முடங்கிவிடுவது உண்டு. குற்றவாளி பெரும்பாலும் ஒரு சின்னப் பொருளாக இருக்கும். காந்தப் பட்டை பொதிந்த கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், தெர்மோஸ்டாட் தேய்ந்திருக்கும், கம்ப்ரசரைத் தட்டி எழுப்பும் ரிலே கருகியிருக்கும். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். கண்டுபிடிப்பது அவ்வளவு எளிது. அந்த ரப்பரை வாங்குவதுதான் அரிது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். ஒன்பது ஆண்டு உழைத்த பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்தது. உள்ளே பனி மலைபோல் ஏறியது. கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. மின் கட்டணமும் ஏறியது. நிறுவனத்தின் இலவசத் தொலைபேசியில் கேட்டோம். நான்கு முறை மாடல் எண்ணைக் கேட்டுவிட்டு, “அந்த மாடல் நின்றுவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. கடைசியில் கைகொடுத்தவர் கடைத்தெரு மெக்கானிக் அண்ணன்தான். வேறொரு பெட்டியின் ரப்பரை அளவெடுத்து வெட்டி, மூலையை ஒட்டி, சூடு காட்டி நிமிர்த்திப் பொருத்தினார். “தம்பி, எந்த மாடலுக்கு எந்த பார்ட்டுன்னு ஒரு லிஸ்ட் இருந்தா இந்த வேலை பத்து நிமிஷம். அது இல்லாமத்தான் ரெண்டு நாள் அலைஞ்சேன்” என்றார். ரப்பர் கிடைக்காததைவிட, எந்த ரப்பர் என்று தெரியாததே அவருக்குப் பெரிய தொல்லை என்பதை அந்தச் சொல்லால் உணர்ந்தேன்.

பெட்டியோடு ஒரு கையேடு வருகிறதே என்று கேட்கலாம். எடுத்துப் படித்துப் பாருங்கள். சூடான பண்டத்தை உள்ளே வைக்காதே, சுவரை ஒட்டி நிறுத்தாதே, பழுதானால் இந்த எண்ணுக்குப் பேசு என்று இருக்கும். எந்தப் பாகத்துக்கு என்ன எண், என்ன விலை, எப்படிக் கழற்றுவது என்பது இருக்காது. பயன்படுத்துவதற்கு மட்டுமே அது கையேடு, பழுதுபார்ப்பதற்கு அன்று. பழுதுபார்க்கும் கையேடு என ஒன்று தனியே இருக்கிறது. அது நிறுவனத்தின் சொந்தச் சேவை நிலையத்தோடு நின்றுவிடுகிறது.

எப்போதும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்மூடியைத் திறந்தால் உள்ளே மின்சுற்று வரைபடம் ஒட்டியிருக்கும். தையல் இயந்திரத்துக்கு ஊசியும் பாபினும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். சைக்கிள் டியூபுக்கு யாரும் சென்னைக்குப் போவதில்லை. ஒரு நிறுவனத்தின் பல்பு இன்னொரு நிறுவனத்தின் ஹோல்டரில் பொருந்துகிறது. இவற்றையெல்லாம் விற்றவர்கள் நஷ்டப்பட்டு ஓடிவிடவில்லையே!

நம்முடையது பீங்கான் ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் சூளைகளும் உள்ள ஊரில் பிறந்த நமக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. ஜாடி உடைந்தால் உடைந்ததுதான். ஆனால், குளிர்சாதனப் பெட்டி ஜாடி அன்று. அது பல உறுப்புகளைப் பூட்டிச் செய்த கூட்டுப் பொருள். பூட்டியதைக் கழற்றலாம், கழற்றியதை மாற்றலாம். அப்படிப்பட்ட பொருளையும் உடைந்த ஜாடியைப்போல் தூக்கி எறியச் சொல்வதுதான் இன்றைய வாணிபம். எறிந்த பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கே குழாயை அறுக்கும்போது உள்ளிருக்கும் வாயு காற்றில் கலக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கண்ட உலகம், ஒரு முழப் பிரச்சினைக்காக முழுப் பெட்டியையும் எறிவதைச் சரி என்று சொல்லுமா?

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் பேசுவோம். “தெரியாதவர் கை வைத்தால் ஆபத்து” என்கிறார்கள். உண்மைதான். இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்னும் வாயு ஐசோபியூட்டேன், தீப்பற்றக் கூடியது. அது தெரியாமல் குழாயில் வெல்டிங் தீயைக் காட்டினால் விபரீதம். ஆனால், இந்த வாதம் கையேட்டை ஒளிப்பதற்குச் சான்றாகாது, கொடுப்பதற்கே சான்றாகும். கையேடு இல்லை என்பதற்காகக் கடைத்தெருவில் பழுதுபார்ப்பது நின்றுவிடவில்லை. அது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் 2 ஆண்டு குளிர்பதனத் தொழில் பயின்று வரும் இளைஞனிடம் தகவலை மறைத்தால், ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

“உதிரிப் பாகங்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கக் கட்டாது” என்பது அடுத்த வாதம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 மார்ச் 1 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் தெர்மோஸ்டாட், மின்சுற்றுப் பலகை போன்றவை 7 ஆண்டுகள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்க வேண்டும். கைப்பிடி, கீல், தட்டு ஆகியவை 7 ஆண்டுகளும், கதவு ரப்பர் 10 ஆண்டுகளும் வாங்கியவருக்கே கிடைக்க வேண்டும். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே விற்கும் பன்னாட்டு நிறுவனங்கள் சில இங்கேயும் விற்கின்றன. பெர்லினில் கட்டுபடியாவது பெண்ணாடத்தில் கட்டுபடியாகாதா?

நம் நாடும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச்சந்தைக்குத் தராத குற்றத்துக்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அத்தொகை பின்னர் மேல்முறையீடுகளுக்கு உள்ளானாலும், கொள்கை நிலைநாட்டப்பட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவி, கைப்பேசி, வாகனம் ஆகியவற்றோடு வீட்டுச் சாதனங்களும் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், நிறுவனங்களின் கையேடுகளையும் சேவை விவரங்களையும் ஒரே இடத்தில் தரும் இணையதளம் தொடங்கப்பட்டது. பொருள்களுக்குப் ‘பழுதுபார்ப்பு மதிப்பெண்’ தரும் திட்டம் பற்றிய குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. அதில் கைப்பேசிக்கு முதலிடம். குளிர்சாதனப் பெட்டி வரிசையில் நிற்கிறது. இவை வரவேற்க வேண்டிய முயற்சிகளே. ஆனால், கொடுத்தால் கொடுக்கலாம் என்று இருக்கும் வரை அது உரிமை ஆகாது, சலுகைதான்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையேடும் பாகப் பட்டியலும் பொருளின் ஓர் உறுப்பு. அவற்றைத் தராமல் விற்பது கதவில்லாத பெட்டியை விற்பதற்கு ஒப்பாகும். எனவே, பாக எண்களும் மின்சுற்றுப் படமும் தமிழிலும் அச்சாகிப் பெட்டியோடு வர வேண்டும். கதவு ரப்பர், தெர்மோஸ்டாட், ரிலே மூன்றும் மாடல் நின்ற பிறகும் 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். அவற்றின் விலை வெளிப்படையாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. அந்த வாசகத்துக்கு உயிர் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாயனார் பொன்னை ஆற்றில் போடுமுன் அதில் ‘மச்சம்’, அதாவது மாதிரிக்கு ஒரு துண்டு, வெட்டி எடுத்துக்கொண்டார் என்பது வரலாறு. நாமும் அதையே செய்வோம். பெட்டி வந்த அன்றே உள்சுவரில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்து வைப்போம். ரிலே வாங்கும்போது பெட்டியின் பெயரைவிடக் கம்ப்ரசர் மேல் உள்ள எண்ணே முக்கியம். கம்ப்ரசரைச் செய்த நிறுவனம் வேறாக இருக்கக்கூடும். பழைய தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறியாமல் அதில் பொறித்த எண்ணோடு கடைக்கு எடுத்துச் செல்வோம். ரப்பருக்குக் கதவின் நீள அகலத்தோடு, ஓரத்தின் வடிவம் தெரிய ஒரு சாண் துண்டும் கொண்டுபோவோம். புதியது வாங்கும்போது ‘எத்தனை நட்சத்திரம்’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘இதன் ரப்பர் எத்தனை ஆண்டு கிடைக்கும்’ என்றும் கேட்போம். ஆயிரம் பேர் கேட்டால் விற்பவர் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

கல்லூரி என்ற முறையில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் நூலகத்தில் ஓர் அலமாரியைக் கையேடுகளுக்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர் கையேட்டையும், மாற்றிய பாகத்தின் எண்ணையும், அது கிடைத்த ஊரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இயற்பியல் துறை ஆசிரியப் பெருமக்கள் சரிபார்த்துத் தருவார்கள். தமிழ்த்துறை நல்ல தமிழில் ஆக்கித் தரும். வணிகவியல் துறை விலை விவரம் தொகுக்கும். ஓராண்டில் நம் வட்டத்து மெக்கானிக்குகள் எல்லாரும் தேடி வரும் அலமாரியாக அது ஆகிவிடும்.

அதற்கும் மசியாத நிறுவனங்கள் இருந்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சந்நிதியில் தம் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டும் மக்கள் நாம். குறையை ஊர், பேர், விவரத்தோடு எழுதி நீதி கேட்பது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கம்பெனி வாசலுக்கும் ஆணையத்தின் வாசலுக்கும் கொண்டுபோவோம்!