டாலர் நாட்டின் இனாம் கூலி

அமெரிக்க வாழ்வின் ஆனந்தத்தைக் காட்ட முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு எப்போதும் ஒரு படம் தயார். குட்டைப் பாவாடை அணிந்த பெண், கையில் தட்டேந்தி, கார் சன்னலருகே நின்று சிரிக்கிறாள். “கார் ஹாப்” என்று பெயர். அவளுக்குக் கூலி கொடுத்தது யார்? அதை மட்டும் எழுத மாட்டார்கள்.

1921ல் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரில் ஜெஸ்ஸி கிர்பி என்ற வியாபாரி, ஒரு டாக்டரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு “பிக் ஸ்டாண்ட்” திறந்தார். காரைவிட்டு இறங்கச் சோம்பல்படும் கனவான்களுக்குக் காரிலேயே பன்றி இறைச்சி சாண்ட்விச்! பரிமாற வந்தவர்கள் முதலில் பையன்கள். கார் நிற்கும் முன்பே ஓடிப்போய் அதன் பக்கப் படியில் தாவி ஏறினார்களாம். ஏதோ குறும்பு விளையாட்டுப் போல இதைச் சொல்லி மகிழ்கிறார்கள். முந்தியவனுக்குத்தான் கார், கார் கிடைத்தால்தான் டிப்ஸ், டிப்ஸ்தான் அவன் சாப்பாடு. விளையாட்டா இது?

பின்னர் பெண்களைக் கொண்டுவந்தார்கள். 1940 பிப்ரவரியில் “லைப்” பத்திரிகை ஹூஸ்டன் நகரத்துக் கார் ஹாப் ஒருத்தியை அட்டையிலேயே போட்டது. அழகும் சிரிப்பும்கூட விற்பனைச் சரக்காயின. நல்ல இரவில் கை நிறையக் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. மழை இரவில்? கார் வராவிட்டால் முதலாளிக்கு வியாபாரம்தான் குறையும். அவளுக்கோ அன்றைய கூலியே இல்லை.

1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். ஓட்டல் தொழிலாளிக்கு அதில் இடமில்லை!

1948ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மக்டொனால்ட் சகோதரர்கள் கடையை மூன்று மாதம் மூடினார்கள். திறந்தபோது கார் ஹாப் ஒருத்திகூட இல்லை. வாடிக்கைக்காரரே சன்னலுக்கு நடந்துவந்து 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர் வாங்கிப் போனார். இதை மகத்தான வியாபார மூளை என்று இன்றும் புகழ்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

1966ல் ஒருவழியாக ஓட்டல்களும் சட்டத்துக்குள் வந்தன. அதிலும் சூழ்ச்சி. டிப்ஸ் வாங்குபவருக்குப் பாதிக் கூலி கொடுத்தால் போதும். மீதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம். 1991ல் அந்தப் பாதி மணிக்கு 2.13 டாலர். 1996ல் அதை அங்கேயே ஆணியடித்தார்கள். பொதுக் குறைந்தபட்சக் கூலி 2009ல் 7.25 டாலரான பிறகும் மத்தியச் சட்டத்தில் இது அதே 2.13தான்! டிப்ஸ் போதாவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?